கதவுக்குப் பின்னால் இருந்த அறிவித்தல்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அதற்குள் நான் இறம்பொடையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியிருந்தேன். றொசல்லயில் கல் உடைத்திருந்தேன். ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் மூட்டை தூக்கியிருந்தேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. யாரும் துரத்தியதில்லை, எனக்குத்தான் கால் தரிக்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததால் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் கடிதம் எழுதவும் வரும். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் அந்தக் காலத்தில் அதுவே பெரிய படிப்பு.

மூட்டை தூக்கிய வேலையும் சலித்துப்போனபோது அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்றால் என் பெரியப்பா மகள். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு சின்னத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு, ரோட்டு வேலையில் கல் உருண்டு இடுப்பில் விழுந்ததிலிருந்து நிமிர்ந்து நடக்க முடியாது. மூன்று பிள்ளைகள். ஐந்து வயிற்றுக்கும் அக்காவின் ஒரு சம்பளம்தான். நான் போனதும் ஆறாவது வயிறு.

"வா மாப்புள. சம்பாதிச்சுக் கொண்டாந்துருப்பியே, எங்க வைக்கிறதுன்னு எடம் பாத்துக்கிட்டுருக்கேன்" என்றார் மச்சான், படுத்தபடியே.

நான் தோளில் கிடந்த பையைக் காட்டினேன். உள்ளே ஒரு சாரமும் ஒரு சட்டையும் இருந்தன.

அந்தத் தோட்டத்தைக் கம்பெனி எதுவும் நடத்தவில்லை. வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுக் கப்பல் ஏறியபோது, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மலிவாக வாங்கியிருந்தார். அவரையும் எல்லாரும் துரை என்றுதான் சொன்னார்கள். அரைக்கால்சட்டையும் முழங்கால்வரை காலுறையும் போட்டுக்கொண்டு, பழைய துரையின் நாயைக்கூட அவரே வைத்திருந்தார். முதலாளியும் அவரே, துரையும் அவரே. அவருக்குக் கீழே கொழுந்து நிறுத்துப் பேர் போடும் கணக்கப்பிள்ளை.

பேர் போடுவதில்தான் விஷயம் இருந்தது. நாள் முழுக்க மலையில் நின்று எடுத்தாலும், நிறுக்கும்போது பதினெட்டு இறாத்தல் இல்லையென்றால் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பேர்ப்பதிவில் அரைப்பேர் போடுவார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் பதினெட்டு பெரிய காரியமில்லை. பனி கொட்டும் மாதங்களில் செடியே கருகி நிற்கும். அப்போது பதினெட்டு எடுக்க வேண்டுமென்றால் முற்றின இலையைப் பறிக்க வேண்டும். முற்றின இலையைக் கணக்கப்பிள்ளை கூடையிலிருந்து அள்ளி வீசிவிடுவார். அக்காவுக்கு அந்த மாதங்களில் வாரத்துக்கு நான்கு நாள் அரைப்பேர் விழுந்தது. அவள் விடியும்முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் இருட்டும்போதுதான் வந்தாள். வீட்டில் ஒருவேளை ரொட்டி, ஒருவேளை வெறும் தேத்தண்ணி.

நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கணக்கப்பிள்ளை, கந்தோர் என்ற தோட்டத்து ஆபீசுக்கு வெள்ளை அடிக்கும் வேலையைக் கொடுத்தார். இரண்டு நாள் வேலை. கையில் காசு.

கந்தோரின் கதவு உள்பக்கமாகத் திறக்கும். காலையில் திறந்தால் மாலைவரை சுவரோடு ஒட்டியே நிற்கும். இரண்டாம் நாள், அந்த மூலையிலும் சுண்ணாம்பு பூச வேண்டுமே என்று கதவுக்குப் பின்னால் புகுந்தேன். சுவரில் ஒரு கடதாசி ஆணியடித்துத் தொங்கியது. மூன்று பாஷையில் அச்சடித்த அறிவித்தல். தமிழில் இருந்த பகுதியை விரல் வைத்து வாசித்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, அதற்குக் குறையக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் வேலை கொள்வோர் தண்டனைக்கு உள்ளாவார் என்று இருந்தது. நாள் வேலை எத்தனை மணித்தியாலம் என்றும் இருந்தது. எத்தனை இறாத்தல் என்று எங்கேயும் இல்லை. மறுபடி வாசித்தேன். இல்லை.

தொழிலாளி பார்க்கும் இடத்தில் தொங்கவிட வேண்டும் என்பதும் அந்தக் கடதாசியிலேயே கடைசி வரியில் இருந்தது.

அப்போது துரையும் கணக்கப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள். நான் கதவுக்கும் சுவருக்கும் நடுவில், கையில் தூரிகையோடு நின்றேன். வெளியே வரலாம் என்று நினைப்பதற்குள் துரை பேசத் தொடங்கிவிட்டார்.

"இந்த மாசம் முழுப்பேர் ரொம்பக் கூடிப்போச்சு."

"போன மாசத்த விடக் குறைச்சுத்தான் போட்டிருக்கேனுங்க தொரை."

"பத்தாது. இன்னும் அரைப்பேர் கூட்டு. பதினெட்டு போதாட்டி இருபதாக்கு. எனக்கு மாசச் சம்பளத் தொகை மட்டும் குறைஞ்சு வரணும்."

"பொம்பளைங்க சத்தம் போடுவாங்கங்க."

"உன்கிட்டத்தானே போடுவாங்க" என்று துரை சிரித்தார். கணக்கப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்.

அவர்கள் போனபிறகு அந்த அறிவித்தலை விட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினேன்.

அன்று மாலை அக்கா கூடையை இறக்கி வைத்ததும் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அறிவித்தலைப் பற்றிச் சொன்னபோது கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். துரை பேசியதைச் சொன்னபோது முகம் மாறிவிட்டது.

"தொரையா சொன்னாரு?"

"இந்தக் காதால கேட்டேன்க்கா."

"வெள்ள அடிக்கையில காதுக்குள்ள சுண்ணாம்பு விழுந்துருக்கும். போய்க் கழுவிட்டு வா."

அக்காவுக்குத் துரை மேல் அப்படியொரு எண்ணம். அவளுக்கு மட்டும் இல்லை, அந்த லயத்துக்கே. மச்சானின் இடுப்பு நொறுங்கிய அன்றைக்குத் துரை தன் காரில், வெள்ளை உறை போட்ட பின்சீட்டில், ரத்தத்தோடு அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சம்பள நாளில் துரையே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டு காசை எண்ணிக் கொடுப்பார். குறைத்து எழுதுவது கணக்கப்பிள்ளை, ஏசுவது கணக்கப்பிள்ளை, கொழுந்தை வீசுவது கணக்கப்பிள்ளை. துரைக்குத் தெரிந்தால் இப்படி நடக்குமா என்று எல்லாத் தோட்டத்திலும் கேட்டிருக்கிறேன். நானும் எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருக்கிறேன், கதவுக்குப் பின்னால் நிற்கும்வரை.

"லேபர் கந்தோருக்கு எழுதுவோம்" என்றேன்.

"கணக்குப்புள்ள மேலன்னா எழுது. தொரை பேரு வந்துச்சுன்னா நான் கைநாட்டு வைக்கமாட்டேன்" என்றாள் அக்கா. "அந்த அரைச் சம்பளம் திரும்பி வந்தா கடன அடச்சுட்டு, இந்த மனுசன கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டணும். எனக்கு அது போதும். யாரையும் ஜெயில்ல தள்ள வேணாம்."

மஸ்கெலியாக் கடையில் கடதாசியும் உறையும் முத்திரையும் வாங்கினேன். என்னத்துக்கு என்று கேட்ட கடைக்கார நானாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தோட்டத்து மேல பெட்டிசனா? தம்பி, கடதாசிக் காசு வேணாம், முத்திரைக் காச மட்டும் வைங்க. நாளைக்கு உங்கள இங்கருந்து விரட்டிட்டாலும் எனக்கு நட்டம் பாதிதான்" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "தெளிவா எழுதுங்க" என்றார்.

தெளிவாகத்தான் எழுதினேன். கணக்கப்பிள்ளை செய்யும் அநியாயம் என்று தலைப்பும் போட்டேன். அக்காவோடு சேர்த்து ஏழு பெண்கள் கைநாட்டு வைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றி நடந்தார். இரண்டு நாள் கந்தோரில் இருந்து செக்ரோலைப் புரட்டினார். பிறகு லயத்துக்கு வந்து ஏழு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆர் இதை எழுதினது? நீரோ? எழுத்து வடிவா இருக்கு. ஆனால் ஆளை மாறிப்போட்டீர்."

"இல்லைங்களே, கணக்குப்புள்ளதானுங்க பேர் போடுறது."

"பேர் போடுறது அவர். சம்பளம் தாறது ஆர்? வேலை கொள்றவர் ஆர்? துரை. சட்டம் துரையைத்தான் எதிரியா நிப்பாட்டும். குற்றம் எண்டு கண்டால் தண்டம் அவருக்கு, குறைஞ்ச காசு முழுக்க உங்களுக்குத் தரச் சொல்லிக் கோட்டு நீதவான் கட்டளை போடுவார். விளங்கிச்சோ?"

அக்கா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு கேட்டாள்:

"தொரை கோட்டுல நிக்கணுங்களா?"

"நிக்கத்தான் வேணும்."

"ஒக்கார நாக்காலி குடுப்பாங்களா?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் கேட்டதை அவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். ஆனால், கொழுந்துக்குக் கூலி வாங்கின ஆள் நான் இல்லை என்றும், தோட்டத்தில் பதிவே இல்லாதவன் சொல்வது எடுபடாது என்றும், பெண்கள் வாயால்தான் வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள், அவ்வளவுதான்.

வழக்குக்கு நாலு நாள் இருக்கும்போது கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்தார். பெரட்டில் கத்தும் அந்தக் குரல் அன்றைக்கு இல்லை. என்னைக் குழாயடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் வெறும் கை. எழுதுன்னா எழுதுவேன். ஒனக்கு அது தெரியும். அன்னிக்கு உள்ள நின்னது நீதானே? கதவுக்குக் கீழ ஒன் காலு தெரிஞ்சுது."

"பாத்தீங்கன்னா ஏன் சொல்லலை?"

"சொல்லி?" என்றார். "தொரை கூப்பிட்டுப் பேசினாரு. பழிய நான் ஏத்துக்கிட்டா தண்டத்த அவரே கட்டுறாராம். வேலையும் போகாதாம். வயசுக்கு வந்த ரெண்டு பொண்ணுங்கள வச்சுக்கிட்டு நான் எந்தத் தோட்டத்துக்கு போவேன், சொல்லு."

நான் இதையும் அக்காவிடம் சொன்னேன். "பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான். நான் சொல்லலை?" என்றாள். அவளுக்கு அது துரை குற்றமற்றவர் என்பதற்கு இன்னொரு சாட்சியாகப் போயிற்று.

வழக்கு நாள் ஏழு பேரும் தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார்கள். டவுன் நீதிமன்ற மண்டபத்தில் நெரிசல். துரை கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, எதிரி நிற்கும் இடத்தில் நின்றார். நாற்காலி கொடுக்கவில்லை. அவரை அங்கே கண்டதும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து சலாம் வைத்தார்கள். நீதவான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

முதல் சாட்சி அக்கா. ஆரம்பத்தில் நன்றாகவே போயிற்று. காலை எத்தனை மணிக்குப் பெரட்டு, மாலை எத்தனை மணிக்கு நிறுவை, வாரத்துக்கு எத்தனை அரைப்பேர், எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னாள். செக்ரோலும் அவள் சொன்னதும் ஒத்துவந்தன. மொழிபெயர்ப்பவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நீதவான் எழுதினார். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒரு தெளிச்சல் தெரிந்தது.

பிறகு துரையின் வக்கீல் எழுந்தார். குரல் உயர்த்தவே இல்லை, சொந்தக்காரர் மாதிரிப் பேசினார்.

"அம்மா, உங்க புருசனுக்கு அடிபட்டப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு?"

"தொரைங்க. அவரு கார்லங்க."

"அரைப்பேர் போடுறது யாரு?"

"கணக்குப்புள்ளைங்க."

"போடச் சொல்லி தொரை சொன்னதை நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"தொரைக்கு இது தெரியுமா?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்களே. அக்கா பதில்தான் சொன்னாள். அதுவும் அந்த மண்டபத்தில் அவள் குரல் அதற்குமுன் அப்படிக் கணீரென்று கேட்கவில்லை.

"தொரைக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. தங்கமான மனுசங்க. தெரிஞ்சிருந்தா ஒரு நாளும் விட்டுருக்கமாட்டாருங்க. அவரை இப்புடி நிக்க வச்சதுதானுங்க எங்களுக்குத் தாங்கல."

நீதவான், சொன்னதை யோசித்துத்தான் சொல்கிறாளா என்று மறுபடி கேட்கச் செய்தார். யோசித்துத்தான் என்றாள். அவளுக்குப் பின் வந்த ஆறு பேரும் அதையே சொன்னார்கள். முந்தின நாள் கோயிலில் கூடிப் பேசி அப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். துரையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தால், அவர் கையாலேயே காசு வந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கப்பிள்ளை எழுந்து, எல்லாம் தன் பிழை என்று ஒப்புக்கொண்டார். துரை தனக்குத் தெரிந்த அளவில் கவனமாகத்தான் இருந்தார், அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது என்று நீதவான் துரை மேல் இருந்த வழக்கைத் தள்ளினார். முதலாளிக்குத் தெரியாமல் வேறு ஆள் செய்தது என்று கண்டால் அவரை விட்டுவிட அந்தச் சட்டத்திலேயே இடம் இருந்ததாம். கணக்கப்பிள்ளைக்கு ஐம்பது ரூபாய் தண்டம். குறைந்த சம்பளத்தைக் கொடுக்கும்படி கட்டளை இல்லை. கட்டளை போடுவதற்குக் குற்றவாளியான முதலாளி ஒருவரும் இல்லை. ஐம்பது ரூபாயும் அரசாங்கத்துக்குப் போயிற்று.

வெளியே இன்ஸ்பெக்டர் குடையை விரிக்காமல் மழையில் நின்றார்.

"ஒரு வசனத்திலை எல்லாத்தையும் முடிச்சுப்போட்டியளே, பிள்ளை" என்றார். அதில் கோபம் இல்லை. இதுபோல் இன்னும் பல பார்த்தவர் மாதிரி இருந்தது.

அக்காவுக்கு அவர் சொன்னது ஏறவில்லை. துரை காரில் ஏறும்போது அவளைப் பார்த்துத் தலையாட்டியிருந்தார். பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"என்னயப் பாத்துத்தான் ஆட்டுனாரு. இந்தச் சம்பளத்துலயே போட்டுத் தருவாரு பாரேன்."

அந்தச் சம்பளத்தில் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. மூன்றாவது மாதம் கணக்கப்பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். ஒரு லொறியில் கட்டிலையும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனார். புதுக் கணக்கப்பிள்ளை வந்தார், இளவயசு, யாரையும் ஏசமாட்டார்.

அவர் வந்த வாரம் அந்த அறிவித்தலைக் கதவுக்குப் பின்னாலிருந்து கழற்றி, கண்ணாடி போட்டு, பெரட்டுக் களத்தில் எல்லாரும் பார்க்கும்படி மாட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் தோட்டத்தின் புதுச் சட்டமும் ஒட்டப்பட்டது. நான்தான் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு நிறுவை. அதில் பத்து இறாத்தல் இல்லாதவர்களுக்கு அத்தோடு வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அரைநாள் வேலைக்கு அரைநாள் சம்பளம். இனி யாரும் அரைப்பேர் என்று முறையிட முடியாது, அரைநாள்தான் வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு விளங்கியவரை அந்தக் கண்ணாடிக்குள் இருந்த ஒரு வரியும் அதில் மீறப்படவில்லை.

பனி மாதம் மறுபடி வந்தது. வாரத்துக்கு நான்கு நாள் அக்கா உச்சி வெயிலில் வெறும் கூடையோடு லயத்துக்கு வந்தாள். முன்பெல்லாம் முழுநாள் நின்று அரைச் சம்பளம். இப்போது அதே அரைச் சம்பளத்துக்கு அரைநாள் நின்றால் போதும் என்று மச்சான் கேலி செய்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண்டி ஆஸ்பத்திரிப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

ஒரு நாள் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு பெட்டிசன் எழுது தம்பி."

"யாருக்கு?"

"தொரைக்கே எழுது. லேபர் கந்தோர்னு சுத்தி வளைச்சதுதான் தப்பாப் போச்சு. அவரு கையில நேரா குடுத்துட்டா முடிஞ்சுது. இந்தப் புதுப் பயதான் பன்னெண்டு மணி நிறுவையக் கொண்டாந்துருக்கான்."

கதவுக்குப் பின்னால் கேட்டதை அவளிடம் மறுபடி சொல்ல வாய் வரவில்லை. எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. பழைய பாக்கியையும், மத்தியான நிறுவையையும், மச்சானின் இடுப்பையும் எழுதினேன். மறுநாள் மத்தியானம் வேலை முடித்து அனுப்பியதும் அவள் பங்களாப் படியில் காத்திருந்து, துரை சாப்பிட்டு வெளியே வந்தபோது கையில் கொடுத்தாள். அவர் நின்று முழுவதும் வாசித்தாராம். யார் எழுதியது என்று கேட்டாராம். என் தம்பிதாங்க, வீட்டோடதான் இருக்கான் என்று இவள் பெருமையாகச் சொன்னாளாம். பாக்குறேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம்.

"முழுசா வாசிச்சாருடா" என்றாள்.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குக் காவல்காரர் லயத்துக்கு வந்தார். தோட்டத்தில் பதிவில்லாத வெளியாள் லயத்தில் தங்கக்கூடாது, இன்றைக்கே போகாவிட்டால் பொலிசில் சொல்வார்கள், வைத்திருக்கிற வீட்டுக்காரிக்கும் பத்துச்சீட்டு, அதாவது வேலை நீக்கம் என்று சொன்னார். கையில் துண்டுக் கடதாசி இருந்தது. வாங்கிப் பார்த்தேன். கீழே துரையின் கையெழுத்து.

சாரத்தையும் சட்டையையும் பைக்குள் போட எவ்வளவு நேரம் ஆகும்? மச்சான் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். மலையிலிருந்து இறங்கும் பாதையில் அக்கா எதிரே வந்தாள். பன்னிரண்டு மணி நிறுவை முடிந்திருந்தது. அன்றைக்கு அவளுக்கு எட்டு இறாத்தல்.

கடதாசியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வாசிக்கத் தெரியாதவள்.

"இது அந்தப் புதுப் பய வேலை. கடதாசிக் கட்டோட சேத்து நீட்டியிருப்பான், தொரை பாக்காமப் போட்டுருப்பாரு. நீ ஒரு வாரம் றொசல்லப் பக்கம் போய் இரு. நான் தொரைகிட்டச் சொல்லிட்டு ஆள் அனுப்புறேன்."

சரிக்கா என்றேன். பஸ் போய்விட்டிருந்ததால் மஸ்கெலியாவரை நடந்தேன். ஆள் யாரும் வரவில்லை, நானும் காத்திருக்கவில்லை.